வெளியேறியவர்கள் கணக்கில் ஒருவன்

றாஹிலாவுக்குத் திறப்பு விழாக்கள் அலுத்துப்போய் வெகுகாலம். சுனாமிக்குப் பிறகு கல்முனைக் கரைக்கு வந்த திட்டங்களில் முக்கால்வாசியில் அவர் சம்பளம் வாங்கியிருக்கிறார். தற்காலிக வீடு, தையல் பயிற்சி, கம்ப்யூட்டர் வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடா வெட்டு, ஒரு பெயர்ப்பலகை, கொஞ்ச நாளில் ஒரு பூட்டு. யுத்தம் முடிந்த அடுத்த வருடம், தையல் நிலையமாக இருந்த கட்டடத்துக்குத் தொழில்நுட்பத் தொழில் வளர்ப்பு நிலையம் என்று புதுப் பலகை வந்தது. அதே மேசையில் இருந்தபடியே றாஹிலா அதன் இணைப்பாளர் ஆனார். அதுவும் வருட ஒப்பந்தம்தான்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசாங்கம் அறையும் மின்சாரமும் கருவிகளும் இலவசமாகக் கொடுக்கும். காலூன்றியதும் அவர்கள் வெளியே போய்ச் சொந்தமாக நடத்த வேண்டும். நல்ல யோசனைதான், குறை சொல்ல றாஹிலாவுக்கு வாய் வராது. காசு வருகிற விதம்தான் கொடுமை. ஜனவரியில் ஒதுக்கிய காசு நவம்பர் மழையோடு வந்து இறங்கும். டிசம்பர் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அரசாங்கத் திறைசேரிக்கே திரும்பிவிடும். அதையும் கொழும்பில் தீர்மானித்த சாமானுக்குத்தான் செலவழிக்கலாம். ஆளில்லாத மேசைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வாங்கி றாஹிலாவுக்கு வெறுத்துவிட்டது.

அந்த நிலையத்தில் உண்மையாகவே வேலை செய்தவன் நிதர்சன் ஒருவன்தான். காரைதீவில் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. நெல்லின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். இந்தப் பக்கத்தில் நெல் வாங்குகிற முதலாளிமார் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு "ஈரம்" என்பார்கள், விலை இறங்கிவிடும். அவனுடைய தகப்பன் ஆயுள் முழுக்க அந்தப் பல்லுக்குப் பயந்து வாழ்ந்தவர்.

கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, நெல்லை நிலையத்து மின்னடுப்பில் காயவைத்து, நுண் தராசில் நிறுத்து ஒப்பிட வேண்டும். பக்கத்து அரிசி மில் ஓடும்போது கரண்ட் ஏறி இறங்கும், அடுப்பின் சூடு நிலைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் மில்லையும் கடைகளையும் அடைத்துவிட்டு எல்லாரும் ஜும்ஆவுக்குப் போனால்தான் கரண்ட் ஒழுங்காக நிற்கும். அதனால் றாஹிலா அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஊர் முழுக்கத் தொழுகையில் இருக்கும் நேரத்தில் அந்தப் பொடியன் தனியாக நெல் நிறுத்துக்கொண்டிருப்பான். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

பிறகு ஒரு டிசம்பரில் கொழும்பிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நிலையத்தின் தரத்தை அமைச்சு ஒன்றே ஒன்றைக் கொண்டுதான் அளந்தது: எத்தனை பேர் வெளியேறினார்கள்? வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கல்முனையிலிருந்து இதுவரை ஒருவரும் போகவில்லையாம். வருடம் முடிவதற்குள் ஒருவராவது போகாவிட்டால் அடுத்த ஒதுக்கீடு இல்லை, நிலையம் மூடப்படும்.

நிதர்சனைக் கூப்பிட்டு, வருடம் முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்று மட்டும் சொன்னபோது அவன் முகம் செத்துவிட்டது.

"மிஸ், மாசியில வயல் வெட்டு. புது நெல்லு வந்தாத்தான் கருவியச் சரிபாக்கலாம். வெட்டு முடியுமட்டும் இரிக்க விடுங்களன்."

"நானும் கேட்டுப் பாத்த தம்பி. ஏலாதாம்."

"மின்னடுப்பையும் தராசையும் மட்டும் தாங்களன். வெட்டு முடிய ஒப்படைச்சிருவன்."

"அரசாங்கச் சாமான் தம்பி. வாசலத் தாண்டக் கூடாது."

அவர் கெஞ்சிப் பார்த்தது உண்மைதான். வேலை போனால் தன் வீட்டில் அடுப்பு எரியாது என்று பயந்ததும் உண்மைதான். மழை கொட்டிய ஒரு காலையில் நிதர்சனுக்கு மாலை போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள், அவனும் சிரித்தான்.

மாசியில் அவன் வீட்டிலேயே கருவிகளைச் செய்து முடித்தான். ஒப்பிட்டுப் பார்க்க மின்னடுப்பும் இல்லை, தராசும் இல்லை. ஒரே மூட்டை நெல்லுக்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. நிந்தவூர் நெல் முதலாளி முகம்மது தம்பி களத்தில் எல்லாருக்கும் முன்னால் ஒரு மணியைக் கடித்துத் துப்பிவிட்டு, "தம்பி, உன்ட மெஷினவிட என்ட பல்லு திறம்" என்றார். களமே சிரித்தது. வாங்கியவர்கள் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த போகம் விதைக்க முதல் நிதர்சன் கத்தாருக்குப் போய்விட்டான்.

மறு வருடம் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த அதிகாரி சுவரில் இருந்த மாலைப் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். அந்தப் பிள்ளையோடு இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்றார். றாஹிலா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மணி அடித்து, நிதர்சன் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல்.

"சொல்லுங்க மிஸ். சுகமா இரிக்கிங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ். நீ எப்பிடி தம்பி?"

"பரவால்ல. மிஸ், என்ட அறையில இப்ப ஆரு இரிக்கிற?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல அலுப்பாக இருந்தது.

"ஒருத்தரும் வரல்ல. புதுக் கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் அடுக்கிக் கிடக்கு."



"அப்ப ஏன் மிஸ் என்னப் போகச் சொன்ன?"

அவன் கோபப்பட்டுக் கேட்டிருந்தால் றாஹிலா தாங்கியிருப்பார். அவன் காரணம் தெரியாமல்தான் கேட்டான். அவர் போனை அணைத்தார். உள்ளே போய், "லைன் கிடைக்கல்ல சேர்" என்றார். அந்த வருடமும் நிலையத்துக்கு ஒதுக்கீடு கிடைத்தது.