மழுங்கிய கத்தியும் மாமாவின் கட்டைவிரலும்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடவைப்பார். ஆனால் ஒரு கட்டையைக் கொடுத்துக் குருவி செதுக்கச் சொல்லுங்கள், உருளைக்கிழங்குதான் வரும். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பால்கனியில் ஸ்டூலைப் போட்டு மடக்குக்கத்தியை விரித்துவிடுவார். அலமாரி முழுக்க உருளைக்கிழங்குகள். எதைக் காட்டிக் கேட்டாலும், "இது மைனாம்மா, தூங்குது" என்பார்.

அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போகும் எனக்கு மைனாக்களால் தொந்தரவில்லை. தொந்தரவு மாமாவின் கட்டைவிரல்தான். அடிக்கடி அதில் ஒரு வெட்டு விழும். தையல்காரியான அக்கா திட்டிக்கொண்டே கட்டுப்போடுவாள்.

கத்தி கூர்மையாக இருந்தால்தானே வெட்டும் என்பது அக்காவின் கணக்கு. அதனால் சாணைக்கல்லை எடுத்துப் பழைய துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள். கத்தி மழுங்க மழுங்க மாமா அழுத்தினார். அழுத்த அழுத்த அது வழுக்கிக்கொண்டு நேரே விரலுக்கே வந்தது. "பாரு, மொண்ணைக் கத்தியிலயே இப்படின்னா!" என்று அக்கா இன்னும் பயந்தாள். இவளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது!

ஒருமுறை விழுந்த வெட்டுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே ஒரு கீறல் விழட்டும், கத்தி குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஆமா, சொல்லிட்டேன்!"

மாமாவின் முகம் தொங்கிப்போனது. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், அவருக்கென்று இருந்தது அந்தக் கத்தி ஒன்றுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. கல் இருக்கும் மூட்டையைக் கண்ணாலேயே காட்டிக்கொடுத்தேன்.

காயம் ஆறியதும், அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துத் தீட்டினார். தீட்டினார் என்றால் அப்படித் தீட்டினார், ஒரே பக்கத்தை மட்டும். அதுதான் கைக்குத் தோதாக இருந்ததாம். அந்தப் பக்கம் பளபளவென்று ஆனதும் கத்தியைக் கட்டையில் வைத்து இழுத்தார். கடித்துக்கொண்டு நின்றது. அடுத்த இழுப்பில் எகிறி, ஆறிய விரலிலேயே புதிதாக ஒரு கோடு போட்டது. நிமிர்ந்தால், தலையில் சுற்றிய துண்டோடு எதிரில் அக்கா.

கத்தியைப் பிடுங்கிக்கொண்டு குப்பைத்தொட்டியைப் பார்த்து நடந்தாள். மாமா பின்னாலேயே போனார். மூடியைத் திறந்தவள், பழக்கதோஷத்தில் கத்தியின் விளிம்பில் நகத்தை ஓட்டினாள். கத்திரிக்கோலை எடுத்தால் அவள் முதலில் செய்வது அதுதான். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, பிசிறு நிக்குது?"

"எங்கே?"

"இந்தப் பக்கம் தீட்டவே இல்லையா? ஒரு பக்கத்தையே தேய்ச்சா பிசிறெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கிட்டு நிக்காதா? இப்படி ஒரு கத்திரியால நான் துணி வெட்டினா, அந்தத் துணி உருப்படுமா? இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நாளா மல்லுக்கட்டினீங்க?"

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கல்லை ஒளித்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"பெல்ட்டைக் கழட்டுங்க."

மாமா ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பெல்ட்டை நீட்டினார். அக்கா கல்லில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டினாள்; பெல்ட்டின் தோலில் இழுத்து இழுத்துப் பிசிறை எடுத்தாள். பிறகு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான், கட்டையில் ஒரு சீவு சீவினாள். மெல்லிய சுருள் ஒன்று சத்தமே இல்லாமல் உருண்டு விழுந்தது. இன்னொன்று. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பாக்கட்டுமா?" என்றார் மாமா.

"இருங்க, இந்த மூலையை மட்டும் முடிச்சிடறேன்."

அந்த மூலை இன்றுவரை முடியவில்லை. மாலையானால் பால்கனியில் அக்காதான் செதுக்குகிறாள். மாமாவுக்குத் தீட்டுகிற உத்தியோகம் மட்டும். அதையும் அக்கா நகத்தால் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறாள்.

"கத்தி போயிடுச்சேன்னு வருத்தமா மாமா?" என்று நேற்று கேட்டேன்.

அவர் பெல்ட்டில் கத்தியை இழுத்துக்கொண்டே சிரித்தார்.

"இத்தனை வருஷமா ரத்தம் வந்தாத்தான் உங்கக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வருவா. இப்போ சும்மாவே வந்து பக்கத்துல உக்கார்றாளேம்மா!"