கண்மூடித் துணி

அந்த மருத்துவமனையின் நிலத்தடித் தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறைக்கும் நடுவே ஒரு தையல் அறை இருந்தது. அங்கே உட்கார்ந்து தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் ‘இஞ்சு அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைத் தைக்கச் சொன்னாலும், “ஒரு இஞ்சு கூட விட்டுக்கலாம், பின்னால கைகொடுக்கும்” என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ஐம்பதைத் தாண்டியவர். அப்பா போனதும் சின்ன வயதிலேயே மெஷினில் உட்கார்ந்து தங்கையைக் கரையேற்றினார். அவருக்கென்று பெண் பார்க்க ஆளில்லை. நாளாவட்டத்தில் அந்தப் பேச்சே அடங்கிப்போயிற்று. தங்கை வேறு ஊரில் இருந்தாள். போன் செய்தால் பிள்ளைகளின் பரீட்சை, மாப்பிள்ளையின் முதுகுவலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “சரிண்ணே, வச்சிடறேன்” என்பாள். அவரிடம் என்ன கேட்பதென்று அவளுக்குத் தோன்றாது. கேட்டாலும் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது.

“இந்த ஆஸ்பத்திரியில கையில ஊசி இருந்தும் நோயாளி மொகத்தையே பாக்காத ஆளு நான் ஒருத்தன்தான்” என்று கேன்டீனில் சொல்வார். முன்பு அதைக் கேட்டுச் சிரித்தவர்கள், இப்போது டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

ஒரு நாள் காலையில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் சிஸ்டர் மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

“அண்ணே, காமாலைக் குழந்தைங்களுக்குக் கண்ணு மூடற துணி தைச்சீங்கல்ல, ஒரு குட்டிப்பையனுக்கு அது நிக்கவே மாட்டேங்குது. நழுவி நழுவி மூக்கு மேல வந்து உக்காந்துக்குது. பயமா இருக்கு.”

“தலை அளவைச் சொல்லு தாயி, தைச்சுடறேன்.”

“அளவு சொன்னா புரியாது. நீங்களே வந்து பாருங்க.”

இத்தனை வருடத்தில் அவர் அந்த மாடிக்குப் போனதே இல்லை. முழங்கை வரை கை கழுவச் சொன்னார்கள். மேலே போட்டுக்கொள்ள ஓர் அங்கி கொடுத்தார்கள், அவரே தைத்ததுதான். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி முழுக்க நீல வெளிச்சம் நிரம்பியிருந்தது. அதற்குள் ஓர் அணையாடையை மட்டும் கட்டிக்கொண்டு, உள்ளங்கை இரண்டை ஒட்டிவைத்த அளவில் ஒரு பிள்ளை படுத்திருந்தான். கையில் மருந்து இறங்கும் மெல்லிய குழாய்.

“மஞ்சளாவே தெரியலையே?” என்றார்.

சிஸ்டர் விளக்கை அணைத்தாள். அப்போதுதான் தெரிந்தது. நெற்றி, மார்பு, தொடை வரை பழுத்த மஞ்சள்.

“அம்மா ரத்தமும் இவன் ரத்தமும் ஒத்துப்போகலண்ணே. உள்ளுக்குள்ள ரத்தம் உடைஞ்சு மஞ்சளா சேருது. அது உடையறதைக் குறைக்கத்தான் இந்த மருந்து. சேர்ந்ததைக் கரைச்சு வெளியேத்தறது வெளிச்சம். அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது, அதான் துணி. இதுக்கும் அடங்கலன்னா ரத்தத்தையே மாத்தணும்.”

“இவன் அம்மா?”

“பிரஷர் இறங்கல, வேற வார்டுல இருக்கா. இவங்கப்பா லாரி ஓட்டறவரு. வருவாரு, கண்ணாடியைத் தொட்டுட்டு நிப்பாரு, போயிடுவாரு. தொடுங்கன்னாலும் பயம்.”

இஞ்சு அண்ணன் டேப்பை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தலையைச் சுற்றி மெல்ல அளந்தார். அளந்து முடித்தும் நகராமல் நின்றார். பெட்டிக்குள் அவன் காலை உதைத்தான், கையை விரித்தான், பக்கத்தில் யாருமில்லை.

உள்பக்கம் பழைய பருத்தி, பின்னால் அகலமான பட்டி, மூக்குக்கு மேல் ஒரு வளைவு. புதுத் துணி கச்சிதமாக உட்கார்ந்தது. வேலை முடிந்தது. ஆனாலும் மறுநாள், “நழுவுதா பாத்துட்டுப் போறேன்” என்று மேலே ஏறினார். அதற்கடுத்த நாளும் ஏறினார். சிஸ்டருக்குப் புரியாமல் இல்லை.

“சும்மா நிக்காதீங்கண்ணே, எதாவது பேசுங்க. குரல் கேட்டா அடங்கிப் படுப்பான்.”

“நான் என்னத்தப் பேச?”

“என்னத்தையாவது.”

பிறகு குனிந்து, “இன்னிக்குத் தலகாணி உறைதான்டா, ஒரு கட்டு. அப்புறம் கண் டாக்டர் ரூமுக்குத் திரை. மெஷின் பெல்ட் வேற அறுந்துபோச்சு” என்றார். அவன் உதைப்பதை நிறுத்தினான். அவருக்கு மளமளவென்று வந்தது. பெல்ட் எங்கே கிடைக்கும், கடைக்காரன் எப்படி ஏமாற்றுவான், மதியம் சாப்பிட்டது ஏன் வயிற்றைப் பிடுங்குகிறது, எல்லாவற்றையும் சொன்னார். தன் ஒரு நாளில் சொல்ல இவ்வளவு இருக்கிறதென்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிறபோதெல்லாம் வெளியே போய் நின்றுகொள்வார். ஒரு சாயங்காலம் சிஸ்டர் வாயெல்லாம் பல்லாக வந்தாள். “மஞ்சள் இறங்கிடுச்சுண்ணே! ரத்தம் மாத்த வேண்டாம்.”

அன்றிரவு அவருக்கு நல்ல தூக்கம். காலையில் மாற்றுத் துணி ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு போனார். நீல விளக்கு அணைந்திருந்தது. பெட்டி காலி. ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெண், வெளிறிய முகத்தோடு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லாரிக்காரர் ஒரு விரலால் பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவன் கண்ணைத் திறந்திருந்தான். கருகருவென்ற பெரிய கண்கள். அவை அம்மாவின் முகத்தைவிட்டு அசையவில்லை.

“இனிமே இது வேண்டாம்ணே” என்றாள் சிஸ்டர். அந்தப் பெண்ணிடம், “இவருதான் நம்ம டெய்லர். கண்ணுத்துணி தைச்சவரு” என்றாள்.

“ரொம்ப நன்றிங்க அண்ணே” என்றாள் அந்தப் பெண், மரியாதையாக.

“பரவாயில்லம்மா. பாலை நல்லாக் குடு” என்றார். துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

அவர்கள் வீட்டுக்குப் போகிற நாளை சிஸ்டர் சொல்லியிருந்தாள். மேலே போக அவரிடம் ஒரு சாக்கும் இல்லை. தையல் அறையின் ஜன்னல் தெருமட்டத்தில் இருந்தது. அதன் வழியே வாசலில் போகிறவர்களின் கால்கள் மட்டுமே தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கால்கள் போயின. மெதுவாக நடந்த ஒரு ஜோடிச் செருப்புகள், அவற்றை ஒட்டியே ஒரு ஜோடி பெரிய பூட்ஸ். அவர்களாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கால்கள் வாசலைத் தாண்டின. இஞ்சு அண்ணன் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டு அடுத்த உறையை எடுத்தார்.