நாத்தனார் கையில் கண்ட குறை

வில் பயிற்சிக் கூடத்தின் பின்பக்க ரிப்பேர் அறையில் இருப்பவளை எல்லாரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத்தில் தான் போட்ட முடிச்சு ஒன்றுகூடத் தானாக அவிழ்ந்ததில்லை என்பது அவள் பெருமை. அதை தினம் நாலு தடவையாவது கேட்க வேண்டியிருந்தது மற்றவர்கள் தலையெழுத்து.

அந்தக் கூடத்தில் எல்லாமே கப்பி வைத்த வில். நாணை யாரும் விரலால் இழுப்பதில்லை. நாணின் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாத சின்னக் கயிற்று வளையம் ஒன்று கட்டியிருக்கும். அதுதான் லூப். கையில் பிடிக்கும் ரிலீஸ் என்ற கருவியின் இரண்டு எஃகுத் தாடைகள் லூப்பைக் கவ்வி இழுக்கும். விசையைத் தொட்டால் தாடை திறந்து அம்பு போய்விடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த இத்துனூண்டு கயிறு நார் நாராகப் பிய்ந்து, முழுசாக இழுத்து நிற்கும்போது அறுந்தால், இழுத்தவர் முஷ்டி இழுத்தவர் முகத்திலேயே வந்து இறங்கும்.

லூப் தேய்ந்து போச்சு என்று யார் வந்து நின்றாலும் முடிச்சக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஆரம்பித்து, இழுக்கிற லட்சணம், பிடிக்கிற லட்சணம், பையில் போட்டு வைக்கிற லட்சணம் என்று ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டுத்தான் புதுக் கயிறை எடுப்பாள். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு நிற்பார்கள். வேறு வழி?

ஊராருடைய லூப் போனால் திட்டிவிட்டுப் போகலாம். வீட்டாளுடையது போனால் என்ன செய்வது? அவள் கணவனின் தங்கை, இருபத்தாறு வயது, பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு சாயங்காலம் கூடத்துக்கு வந்து அம்பு விடுகிறவள். அவளுடைய லூப் பத்து நாள் தாங்கினால் அதிகம். இரண்டு மாதத்தில் ஆறு லூப். ஆறாவது அறுந்தபோது முஷ்டி பட்டு மேலுதடு கிழிந்து, ஒரு வாரம் கஞ்சிதான் குடித்தாள். அதற்குப் பிறகு வில்லை இழுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் வேறு வந்துவிட்டது.

முடிச்சக்கா கயிறை மாற்றிப் பார்த்தாள். மெழுகை மாற்றிப் பார்த்தாள். முடிச்சை மட்டும் மாற்றவில்லை, அதில்தான் குறையே கிடையாதே. ரிலீஸை தினமும் வாங்கித் துடைத்து, எண்ணெய் விட்டு, தாடையில் விரலை ஓட்டிப் பார்த்தாள். துடைத்து முடித்ததும் மேஜையில் திருகி வைத்திருந்த மரையாணியில் அதை மாட்டி, இழுத்து, விசையைத் தட்டி, சரியாகத் திறக்கிறதா என்று சோதித்தாள். மற்றவர்கள் ரிலீஸ் என்றால் ரெண்டு தடவை. நாத்தனாருடையது என்றால் இருபது தடவை. சொந்தக்காரி ஆயிற்றே, அவள் கூடத்துக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

அப்புறம் ஒரு நாள் பிய்ந்த லூப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எல்லாம் இடது பக்கமாகவே பிய்ந்திருந்தன. கண்டுபிடித்துவிட்டாள். கை திருகுகிறது! மணிக்கட்டைத் திருப்பி இழுக்கிறாள், தாடை சாய்ந்து கயிறை அறுக்கிறது. நேரே கோச்சிடம் போய்ச் சொன்னாள். முடிச்சக்கா சொன்னால் வேதம் என்று அவரும் பதிவேட்டில் நாத்தனார் பேருக்கு எதிரே சிவப்பு மையில் "கை திருகுகிறது" என்று எழுதினார்.

அன்றிலிருந்து வீட்டில் கூத்துத்தான். நாத்தனாரின் வலது மணிக்கட்டில் மரஸ்கேலை வைத்து முடிச்சக்காவே கட்டிவிடுவாள். அதோடு அவள் துணி மடித்தாள், தலை வாரினாள், இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். தங்கையைப் போலீஸில் பிடித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று கணவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வாயை அடைத்தாள். நாலு மாதம் இப்படியே ஓடியது. கை விறைத்ததுதான் மிச்சம். லூப் அதே பத்து நாளில் பிய்ந்தது.

அணிக்கு நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு நாத்தனாரும் இன்னும் இருவரும் ஒரு சனிக்கிழமை காலை போட்டி போட்டார்கள். இதை விட்டால் அடுத்த அணி இரண்டு வருஷம் கழித்துத்தான். அறுபது அம்பில் முப்பத்தோராவதை இழுக்கும்போது, மூன்று நாள் முன்பு கட்டிய லூப் டப்பென்று அறுந்தது. முகம் தப்பியது. அம்பு பலகையின் ஓரத்தில் போய்க் குத்தி, பத்துக்கு ஒரே ஒரு புள்ளி வாங்கிக்கொடுத்தது. கருவி கெட்டால் பதினைந்து நிமிஷம் தருவார்கள்.

ரிப்பேர் அறைக்குள் நாத்தனார் வில்லோடு வந்து நின்றாள். முடிச்சக்கா புது லூப்பைக் கட்டிக்கொண்டே வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள்: எத்தனை தடவை சொன்னேன், கையைத் திருப்பாதே என்று. நாத்தனாருக்குக் கண் கலங்கியிருந்தது.

அங்கே தன் அம்புக்கு இறகு ஒட்ட வந்து உட்கார்ந்திருந்தவர் பல் டாக்டர். முடிச்சக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ரிலீஸை சர்வீஸுக்கே தரமாட்டார், அழுக்குப் பையிலேயே கிடக்கும். அந்த மனுஷன் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"பல் இடுக்குல விடற நூல் பிஞ்சு பிஞ்சு வந்தா, நான் நூலையும் குத்தம் சொல்றதில்ல, கையையும் குத்தம் சொல்றதில்ல. பல்லுலதான் எங்கயோ பிசிறு இருக்கும்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து அந்த நூலை எடுத்து, நாத்தனாரின் ரிலீஸ் தாடையில் மெதுவாக ஓட்டினார். வலது தாடையில் வழுக்கிக்கொண்டு போனது. இடது தாடையில் சிக்கி, பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. பதினோரு வருஷம் மெழுகும் கயிறும் பிடித்துக் காய்த்துப்போன முடிச்சக்காவின் விரலுக்கு அந்தப் பிசிறு எங்கே தட்டுப்படப் போகிறது?

அவருடைய லூப்பை எப்போது கட்டியது என்று கேட்டாள். போன வருஷம் என்றார். பார்த்தாள். ஒரு நார்கூட எழும்பவில்லை. இந்தக் கூடத்திலேயே அவள் கை படாத ரிலீஸ் அது ஒன்றுதான்.

அவள் கண் தானாக மேஜைக்குப் போனது. மரையாணி. மரையெல்லாம் பளபளவென்று தேய்ந்திருந்தது, ஒரே பக்கமாக. உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் சாய்த்து இழுக்கிற பக்கம். எஃகு மரையில் எஃகுத் தாடையை மாட்டி, தினம் இருபது தடவை, மாதக்கணக்காக. சோதிக்கிறேன் பேர்வழி என்று பிசிறை அவளே செய்திருக்கிறாள். பிய்ந்தது என்று மறுபடி சோதித்திருக்கிறாள். பழியைத் தூக்கி ஒரு பெண்ணின் மணிக்கட்டில் ஸ்கேலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.

எட்டு நிமிஷம் மிச்சம். மிக மெல்லிய உப்புத்தாளை எடுத்துத் தாடையைத் தேய்த்தாள், நூலை ஓட்டினாள், மறுபடி தேய்த்தாள். நூல் சிக்காமல் வந்தது. ரிலீஸை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"உன் கைல ஒண்ணும் இல்லடி. தப்பு என் மேஜைல. நீ முன்ன எப்படி இழுப்பியோ அப்படியே இழு."

நாத்தனார் ரிலீஸை வாங்கிக்கொண்டாள். "நாலு மாசம், அண்ணி" என்றாள். வில்லை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மிச்ச அம்புகளை அவள் கண்ணைத் திறந்துகொண்டு விட்டாள். லூப் அப்படியே இருந்தது. முடிவில் நாலாவது இடத்தை அவள் தவறவிட்டது ஐந்து புள்ளியில். ஓரத்தில் போய்க் குத்திய அந்த ஒரு அம்பு ஒழுங்காகப் போயிருந்தால் போதும்.

முடிச்சக்கா கோச்சின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்பு தன்னுடையது, தன் ஆணியுடையது என்று நடந்ததை எல்லாம் சொன்னாள். பட்டியல் பட்டியல்தான் என்றார் கோச். அவர் சொல்வதும் நியாயம்.

"பட்டியல மாத்த வேண்டாம் சார். என் பேச்சக் கேட்டு எழுதினீங்களே, கை திருகுதுன்னு. அத என் கண் முன்னாடி அடிங்க."

அவர் அடித்தார். ஒரு கோடு போதாது என்று அவள் நின்றுகொண்டே இருந்ததால், எழுத்து தெரியாத அளவுக்கு அடித்தார்.

சாயங்காலம் மரையாணியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். நாத்தனார் ரிலீஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, பழக்க தோஷத்தில் முடிச்சக்கா அதை எடுத்து ஆணியிருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது.

"தொடச்சு மட்டும் குடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "நல்லது எதுவும் பண்ணிடாதீங்க."