செம்மஞ்சள் ஜக்கெற்

எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பிரின்ரென்டன் ஒரு போலந்துக்காரர். பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று லிப்ற்றுக்குள் அவர் அறிவித்தல் ஒட்டுவதும், யாராவது அதைக் கிழிப்பதும், அவர் திரும்ப ஒட்டுவதும் றொரன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருக்கும் இந்த மாடிக் கட்டடத்தில் நித்திய பூசை போல நடக்கும். கொஞ்சம் வெயில் கண்டால் போதும், சேலையும் சாரமும் பிள்ளைகளின் சட்டைகளும் கம்பிகளில் தொங்கத் தொடங்கிவிடும். எங்கள் பல்கனி மட்டும் எப்போதும் வெறுமையாக இருக்கும். ஒருநாள் அந்த மனிதர் லிப்ற்றுக்குள் என்னைப் பிடித்துக் கைகுலுக்கினார். சட்டத்தை மதிக்கிற குடும்பம் இங்கே உங்களுடையது ஒன்றுதான் என்றார். நானும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். உண்மையில் நாங்கள் அவருடைய சட்டத்துக்குப் பயந்தவர்கள் அல்லர். என் மனைவி வசந்தாவிடம் அதைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகாயத்தில் இருந்து பார்க்கிறவன் கண்ணில் படக்கூடிய எதுவும் வெளியில் கிடக்கக் கூடாது.

இதை ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. என்னைப்போல நேரத்தோடு விமானம் ஏறியவர்களுக்குத்தான் சொல்லவேண்டும். நான் கொழும்பில் வேலை பார்த்தவன். கலியாணம் முடிந்த கையோடு ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் புறப்பட்டு றொரன்ரோவுக்கு வந்துவிட்டேன். வசந்தா யாழ்ப்பாணத்திலேயே இருந்தாள். கடதாசி அலுவல்கள் இழுபட்டு அவள் வந்து சேர்வதற்குள் எங்கள் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி தொலைபேசியிலேயே கழிந்துவிட்டது. சண்டை நேரத்தில் ஆமியின் ஹெலிகொப்டர் மேலிருந்து சுட்டால் எப்படியிருக்கும் என்பது எனக்குக் கேள்வி ஞானம்தான். மனிசி வந்த பிறகும் நாங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேரைப்போலத்தான் புழங்கினோம். சோறு போடுவாள், சாப்பிடுவேன். என்ன கதைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையின் வருஷக்கடைசி நத்தார் விருந்தில் எனக்குச் சீட்டு விழுந்தது. மேற்கே றொக்கி மலைப் பூங்காக்களில் இரண்டு பேருக்கு, வழிகாட்டியோடு, ஒரு வாரம் நடைப்பயணம். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது வசந்தா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நடக்கிறது பரிசோ?”

“ஓம். இஞ்ச உதுக்குச் சனம் காசு குடுத்துப் போகுது.”

“அப்ப நாங்கள் சும்மா நடந்திட்டம்,” என்றாள்.

ஊர் முழுவதும் ஒரே தெருவில் மழைக்குள் இடம்பெயர்ந்தபோது அவளும் அதற்குள் நடந்தவள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போகவேண்டும் என்று நின்றேன். மலையும் காற்றும் எங்களைக் கொஞ்சமாவது புருஷன் பெண்சாதி ஆக்கிவிடும் என்று நம்பினேன்.

ஆவணி மாதம் போனோம். வழிகாட்டி ஹெதர் என்ற இளம் பெண். கெட்டியான கால்கள், எந்த நேரமும் சிரிப்பு. முதல்நாள் பின்னேரம் எங்களோடு நடக்க வந்தவர்கள் எல்லோருக்கும் பளீரென்ற செம்மஞ்சள் ஜக்கெற் தந்தாள். பயணம் முடிந்ததும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமாம். வழி தவறினால் வெட்டவெளிக்கு வாருங்கள், ஹெலிகொப்டர் தேடி வரும், ஜக்கெற்றைக் கழற்றித் தலைக்கு மேலே வீசுங்கள் என்றாள். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். வசந்தா தலையாட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாக, “உந்தப் பிள்ளை ஹெலியைக் கண்டிருக்காது, பாவம்,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அன்றைக்கு ஒரு கதை சொன்னாள். ஹெலி வட்டமடித்தால் பனைமரத்தோடு ஒட்டி நிற்பார்களாம். அது சுற்றச் சுற்ற இவர்களும் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போவார்களாம். குண்டான பக்கத்து வீட்டு மாமிக்கு மட்டும் எந்தப் பனையும் காணாதாம். வந்த நாளில் இருந்து அவள் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான்.

மலையில் அவள்தான் முதல் ஆளாக நடந்தாள். நான் மூச்சிரைத்துக்கொண்டு கடைசியில் போனேன். ஹெதருக்கு அதிசயம். உன் மனைவி எங்கே பயிற்சி எடுத்தாள் என்று கேட்டாள். இலங்கையில் என்றேன். ஓ, அங்கே அழகான மலைகள் இருக்கிறதாமே என்றாள். எங்கள் பக்கத்தில் உயரமான இடமென்றால் கோயில் கோபுரம்தான். அதை எப்படி விளங்கப்படுத்துவது? இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பயணத்தின் நடுவில் ஒருநாள் மத்தியானம், மரங்கள் எல்லாம் முடிந்து புல்லும் பாறையுமாக விரிந்திருந்த மேட்டில் அது நடந்தது. மற்றவர்கள் ஒதுங்கவேண்டுமென்றால் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் போய்விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். வசந்தா அப்படிப் போவாளா? அத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்களே. “நீங்கள் போங்கோ, நான் வாறன்,” என்றவள் பாறை தாண்டி, பள்ளம் தாண்டி, யாருடைய கண்ணும் எட்டாத இடம் தேடிப் போனாள். அவள் திரும்புவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆலங்கட்டி. விசில் ஊதினோம், கத்தினோம். காற்று எல்லாவற்றையும் கொண்டுபோனது. மேகம் விலகியபோது அந்த மேட்டில் அவள் இல்லை. ஹெதர் வோக்கிரோக்கியில் கதைத்தாள்.

பின்னேரம் ஹெலிகொப்டர் வந்தது. சொந்தக்காரரை ஏற்றுவது வழக்கமில்லையாம். ஆனால் அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஒலிபெருக்கியில் தமிழில் கூப்பிட ஆள் வேண்டும் என்று பூங்கா அதிகாரி என்னை ஏற்றினார். வாழ்க்கையில் முதல்தரமாக நான் ஹெலிகொப்டரில் ஏறியது அப்படித்தான். கீழே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தனித்தனிக் கல் தெரிந்தது. ஓடுகிற ஒரு சின்ன மிருகம் தெரிந்தது. “வசந்தா, பயப்பிடாதையும், வெளியில வாரும்,” என்று கத்தினேன். என் குரல் இரும்புக் குரலாகி மலையில் அடித்துத் திரும்பி வந்தது. சுற்றினோம். திரும்பவும் சுற்றினோம். செம்மஞ்சளாக ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்போதுதான் பனைமரத்தைச் சுற்றிய கதை ஞாபகம் வந்தது. நாங்கள் சுற்றச் சுற்ற அவளும் எங்கோ கீழே சுற்றிக்கொண்டிருக்கிறாள். அதுவும், மேலிருந்து தமிழில் கூப்பிடுகிற குரலை நம்பி ஊரில் யார் வெளியில் வந்தார்கள்?

போவோம், இதை இங்கிருந்து கொண்டுபோங்கள், இது போனால்தான் அவள் வருவாள் என்று அதிகாரியிடம் சொன்னேன். என் ஆங்கிலம் பதற்றத்தில் துண்டு துண்டாக வந்தது. ஒளிக்கிறாளா என்று கேட்டார். ஓம், ஒளிக்கிறாள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கியதும் என்னைத் தனியாக அழைத்துப்போய், உன் மனைவிக்கு உன்னிடம் பயமா, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். கை நீட்டுகிற புருஷனிடமிருந்து ஓடி ஒளிக்கும் பெண்ணை அவருக்குத் தெரியும். ஹெலிகொப்டருக்கு ஒளிக்கும் பெண்ணை அவருக்குத் தெரியாது. எனக்கு அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. அன்றிரவு மேட்டில் பனி கொட்டியது.

விடிந்ததும் ஹெதர்தான் அதிகாரியிடம் எனக்காக நின்று வாதாடினாள். ஹெலியைக் கீழே நிறுத்திவிட்டுக் கால்நடையாகத் தேடினோம். நான் அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன், கத்தாமல், வீட்டில் கூப்பிடுவதுபோல. பள்ளத்துக்கு அப்பால் இடுப்பளவு உயரத்தில் குட்டை மரங்கள் நெருங்கிக் கிடந்தன. அதற்குள் குப்புறப் படுத்திருந்தாள். மேலே கொப்புகளை முறித்துப் போட்டிருந்தாள். உடம்பில் மெல்லிய சுவெற்றர் மட்டும். சப்பாத்து ஈரத்தில் விறைத்திருந்தது. ஜக்கெற் எங்கே என்று கேட்டேன்.

“கல்லுக்குக் கீழ தாட்டிட்டன். உந்த நிறம் எங்க நிண்டாலும் தெரியும்.” உதடு நீலம் பாரித்து, சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன. “எத்தினைதரம் சுத்தினவன். என்னைக் காணேல்லை.”

அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் அழுதுவிட்டேன். அவளுடைய கையைத் தேய்த்துக்கொண்டே, அது நாங்கள்தான், உம்மைத் தேடித்தான் வந்தனாங்கள் என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“நீங்களும் அதுக்குள்ள இருந்தனீங்களோ?”

நடக்கக்கூடிய நிலையில் அவள் இல்லை. சுமந்துகொண்டு இறங்கினால் அரை நாள், கால் போய்விடும் என்றார்கள். திரும்ப ஹெலியைக் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்டதும் வசந்தா மரத்தின் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் நடந்து வாறன், நான் நடந்து வாறன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தவன் நான்தான். வேறு யாரையும் அவளைத் தொடவிட மனம் வரவில்லை. வழி முழுவதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

றொரன்ரோ திரும்பிய பிறகு அவள் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. லேசாக நொண்டுவாள். அவளுடைய ஜக்கெற் இன்னும் அந்த மலையில் ஏதோ ஒரு கல்லுக்குக் கீழே கிடக்கிறது. எந்தக் கல் என்று யாருக்கும் அவள் சொல்லவில்லை. என்னுடையதை நான் கொண்டுவந்து அலுமாரியின் அடியில் வைத்தேன். நல்ல உடுப்பு, எறிய மனம் வரவில்லை. நாங்கள் திரும்பவும் சோறு போடுவதும் சாப்பிடுவதுமாக இருந்தோம். முன்பைவிட மோசம். அவள் இப்போது என்னைப் பார்க்கும்போது நான் இருந்து கூப்பிட்ட ஹெலியையும் சேர்த்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இந்தத் தை மாதம் பல்கனியில் பனி முழங்காலளவு குவிந்துவிட்டது. கையில் அகப்பட்ட அந்தச் செம்மஞ்சள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பனி அள்ளும் சவளோடு வெளியில் போனேன். பாதி அள்ளியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு நோயாளி கொண்டுபோகும் ஹெலிகொப்டர் எங்கள் கட்டடத்துக்கு மேலாகத் தாழ்ந்து வந்தது. இது வழக்கம்தான். அந்தச் சத்தம் கேட்டால் வசந்தா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள், நான் நின்று பார்ப்பேன். அன்றைக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு, அந்த நொண்டிக் காலோடு, பனிக்குள் இறங்கி வந்து நின்றாள். ஹெலி நேரே தலைக்கு மேலே. மலையில் நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் வெளியில் வராதவள், என்னை உள்ளே இழுப்பதற்கு வெளியில் வந்துவிட்டாள்.

“விசரே உங்களுக்கு? கழட்டுங்கோ அதை!” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

இது கனடா, அவன் யாரோ நோயாளியைக் கொண்டுபோகிறான் என்று சொல்ல வாய் எடுத்தவன் ஜக்கெற்றைக் கழற்றினேன். உள்ளே கொண்டுபோக நேரமில்லை என்று எனக்கே பட்டது. குவித்திருந்த பனிக்குள் அதைத் தாட்டு, மேலே இன்னும் இரண்டு சவள் பனியை அள்ளிப் போட்டு மூடினேன். பிறகு இருவரும் உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம், சத்தம் போகும்வரை.