தலைமறைவானவரின் மனைவி

செவ்வாய்க்கிழமை காலை நான் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது மேகமலையிலிருந்து போன் வந்தது. "ஆத்தா போயிருச்சு வக்கீலம்மா" என்றாள் ராணி. செல்லத்தாய் அக்காவின் ஒரே மகள். பல மாத நோய், எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கேஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன், மரம் வெட்டியதாகச் சொல்லி அவர் கணவர் முத்தையாவை லைன் வீட்டிலிருந்து போலீசார் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோன அக்காவிடம், ஆள் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அடியில் செத்தார் என்று உடனிருந்த கைதி ஒருவர் சொன்னார். பிறகு அவரும் வாய் திறக்கவில்லை. உடல் கிடைக்கவேயில்லை.

உத்தமபாளையத்தில் என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். "'எங்க கையிலதான் செத்தாரு'ன்னு கவர்மெண்டு எழுதித் தரணும். நஷ்டஈடு குடுத்தா வாங்கிக்குவேன், எனக்கென்ன கசக்கவா போகுது? ஆனா எழுத்துதான் மொதல்ல."

இங்குள்ள கதவுகளையெல்லாம் தட்டினோம். "இதுக்கு மேல கோர்ட்டு இல்லையா?" என்றார். அரசாங்கத்தையே நிறுத்திக் கேட்கும் மனித உரிமை நீதிமன்றங்கள் வெளிநாடுகளில் உண்டு, நம் நாடு அவற்றில் சேரவில்லை என்றேன்.

"மாட்டிக்குவோம்னு தெரிஞ்சா யாரு சேருவாக?" என்று சிரித்தார்.

கடைசியில், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் சர்வதேசக் குழு ஒன்றுக்கு எழுதினோம். அதற்கு அரசு அனுப்பிய பதிலின் நகல் வந்தது. முத்தையா தலைமறைவாக இருக்கிறாராம். மனைவியே இன்றும் தாலியும் பொட்டுமாக இருப்பது அதற்குச் சாட்சியாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கழட்டிருங்க அக்கா, மறுபடி எழுதுவோம்" என்றேன். நான் முஸ்லிம் வீட்டுப் பெண். கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுகிறவள். என்ன கேட்டுவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"ஒடம்பப் பாக்கல, ஒரு வாய் தண்ணி ஊத்தல. எங்கன வச்சுக் கழட்டச் சொல்றீக? கொன்னவுக எழுதிக் குடுக்கட்டும், அன்னைக்கே கழட்டுறேன்."

குரல் உயரவில்லை. அன்று என் வீட்டில்தான் சாப்பிட்டார். குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லாமல் போகவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஜீப்பில் மலையேறிப் போனபோது அக்காவைக் குளிப்பாட்டியிருந்தார்கள். பெண்கள் குங்குமத் தட்டோடு தயங்கி நின்றார்கள். சுமங்கலியாக அனுப்புவதா, தாலியை எடுத்துவிட்டு அனுப்புவதா என்று யாருக்கும் தெரியவில்லை. "கேஸ் என்னம்மா ஆச்சு?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். பதில் வரவில்லை என்றேன்.

ராணி தட்டை வாங்கினாள். "அப்பா செத்தது எனக்குத் தெரியும். ஆனா ஆத்தாகிட்ட யாரும் ஒத்துக்கலையே" என்று சொல்லி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். தாலியோடுதான் அக்காவைத் தூக்கிப் போனார்கள்.

நேற்று ராணியோடு போய் அக்காவின் இறப்புச் சான்றிதழை வாங்கினேன். அரைமணி நேரத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் அக்கா கேட்டதும் இப்படி ஒரு தாளைத்தான்.

போய் வாருங்கள், அக்கா. மனுவில் இனி ராணியின் பெயர் இருக்கும்.