அண்ணனின் அளவு

அண்ணனைப் பெட்டியில் வைக்கும் நேரத்தில், "ஷூவ மட்டும் கழட்டிடுங்க" என்றார் அண்ணி. ஞாயிறு ஆராதனைக்கு உடுத்துவதுபோல வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, ஷூ என்று முழுதாக உடுத்தி அனுப்புவதுதான் எங்கள் சபையில் வழக்கம். கூடி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கடையில கெடைக்காத சைஸு இது. பையனுக்கு ஆவும்" என்று அவரே குனிந்து கயிற்றை அவிழ்த்தார். வெள்ளைக் காலுறையோடுதான் என் அண்ணன் மண்ணுக்குள் போனார். பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. அவன் பாதம் என் கைக்குள் அடங்கிவிடும்.

அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில் அவர் காலுக்கு மட்டும் கடையில் எதுவும் கிடைக்காது. பள்ளிக்கூட நாட்களில் குதிகால் வெளியே தொங்க, ரப்பர் செருப்போடுதான் நடப்பார். ஆனால் கம்பெனியில் அந்தக் கால்தான் அவருக்கு மரியாதை தேடித் தந்தது. வெளிநாட்டு ஆட்களுக்குத் தைக்கும் பெரிய சைஸ் சாம்பிளைப் போட்டுப் பார்க்க அங்கே வேறு கால் இல்லை. வாங்குகிறவர்கள் வரும் நாட்களில் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லி அவரை மாடிக்கு அழைத்துப் போவார்கள். அவர்கள் முன்னால் நடந்து காட்டி, எங்கே கடிக்கிறது, எங்கே தளர்வாக இருக்கிறது என்று சொல்வார். தையல் விலகியதால் ஒதுக்கிய ஒரு ஜோடியை மேனேஜர் அவருக்கே கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஆலயத்துக்குள் நுழையும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்!

தங்கை நான் அவருக்கு நேர் எதிர். பள்ளியில் காலைப் பிரேயருக்கு உயரப்படி நிறுத்துவார்கள். என் வகுப்பில் நான் எப்போதும் முதல் ஆள், அவர் வகுப்பில் அவர் எப்போதும் கடைசி. எனக்குச் சளி பிடித்தால் போதும், "ஒடம்புல ஒண்ணுமே இல்ல, இது எப்பிடித் தேறப் போவுதோ" என்று அம்மா கலங்கிவிடுவார். முட்டை எனக்கு, டானிக் எனக்கு, ஆஸ்பத்திரியும் எனக்குத்தான். அண்ணனை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போனதாக நினைவில்லை. "அவனுக்கு இன்னா, ஆறடிக்கு மேல இருக்கான்" என்பதோடு அவர் உடம்பைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒருமுறை அவரே சொன்னார். "ஜாஸ்தி ஒசரம், மூச்சு மேல போய்ச் சேர லேட்டாவுது" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார்.

நாற்பத்தொரு வயதில், வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், முதுகைக் கிழிப்பதுபோல் வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆட்டோ வேலூர் ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டோம். சவப்பெட்டிக் கடையில் தயாராக இருந்த எந்தப் பெட்டியும் அவருக்குப் போதவில்லை. ஆசாரி புதிதாகப் பலகை அறுத்து முடிக்கும்வரை போதகரும் சொந்தபந்தமும் காத்திருக்க, அடக்கம் பொழுது சாய்ந்துதான் நடந்தது. அன்றும்கூட ஒருவர், "இன்னா ஒசரம்பா மனுசன்" என்று பெருமையாகத்தான் சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணி அந்த ஷூவைப் பரணிலிருந்து இறக்கிப் பாலிஷ் போடுவார். பையனைக் காலை விடச் சொல்வார். "இன்னும் கம்மியா இருக்கு" என்று திரும்பவும் பரணில் ஏற்றிவிடுவார். "அவங்கப்பா மாதிரி வளரணும் ஆண்டவரே" என்று குடும்ப ஜெபத்தில் அவர் கேட்பது என் காதில் விழும். நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன்.

பையன் வளர்ந்தான். கல்லூரியில் வாலிபால் அணிக்கு எடுத்தார்கள். உடல்தகுதிச் சான்றுக்காக நான்தான் அவனை வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடச் சொன்னார். அதன் நுனி சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அப்பா இருக்காராம்மா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். "எப்பிடிப் போனாரு?" அந்த முதுகுவலியைச் சொன்னதும் அவர் பேனாவை எடுத்தார். உயரம் நோயல்ல, ஆனால் இப்படிக் கைகால் நீண்டு வளரும் சிலருக்குப் பிறவியிலேயே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பலவீனமாக இருக்கும், அது மெல்ல விரியும், ஒருநாள் கிழிந்தும் போகலாம், குடும்பத்தில் தொடரும் என்று நிதானமாகச் சொன்னார். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அண்ணியிடம் சொன்னபோது அவர் அழவில்லை. "நான்தானே கேட்டேன், பாப்பா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "அவரு மாதிரியே வோணும்னு நான்தானே கேட்டேன்." அது ஜெபத்தால் வந்ததில்லை அண்ணி, ரத்தத்தில் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

இன்று ஆசிரியையாக நானே பிள்ளைகளை உயரப்படி நிறுத்துகிறேன். எப்படித் தேறுமோ என்று பயந்த உடம்பு ஐம்பதைத் தாண்டி, பெரிய நோய் எதுவுமில்லாமல் வரிசைக்கு முன்னால் நிற்கிறது. எங்கள் வீட்டில் கடைசியில் நின்றவர்தான் முதலில் போனார். முன்னால் நிற்கும் பொடிசைப் பார்த்து இப்போதெல்லாம் நான் பாவப்படுவதில்லை. பின்னால் நிற்கும் நெட்டையனுக்கு மூச்சு வாங்கினால் சிரிப்பதும் இல்லை.

ஸ்கேன் அன்று பையன் தானாகவே பரணிலிருந்து இறக்கி, முதன்முறையாக அந்த ஷூவைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். அறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். அண்ணி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குழாய் சற்று விரிந்துதான் இருக்கிறது என்றார்கள். இப்போதைக்கு மாத்திரை போதும், வருடந்தோறும் வந்து பார்க்க வேண்டும், வாலிபால் கூடாது. நல்லவேளை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர்.

பையன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அண்ணி தரையில் உட்கார்ந்து அவன் காலில் ஷூவை மாட்டினார். அன்று அவிழ்த்த அதே கைகள் இன்று கயிற்றைக் கட்டின. "நட, பாக்கலாம்" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான். அண்ணனே வருவதுபோல் இருந்தது.

"எங்கியாவது கடிக்குதாடா?"

"இல்லம்மா. கரெக்டா இருக்கு."

இத்தனை வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவர், அதைக் கேட்டதும் என் தோளில் சாய்ந்து அழுதார்.