எட்டாவது கேள்வி

சின்னமனூரில் நான் ஆங்கிலம் நடத்திய பெண்கள் பள்ளிக்கு அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கியவள் நான்தான். ஆறு நாடுகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே பத்துக் கேள்விகளைக் கேட்டு, பதில்களைத் தொகுப்பார்கள். எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதுவார்கள். நான் அதை ஆங்கிலத்தில் தட்டி அனுப்ப வேண்டும்.

எட்டாவது கேள்வி இது: உன் பள்ளியில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்?

“மனசுல உள்ளத எழுதுங்க. பேரு போட வேண்டாம். யாரும் திட்ட மாட்டாக,” என்றேன். நம்பினார்கள்.

வீட்டில் உட்கார்ந்து தாள்களைப் படித்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து பள்ளிக்கூடம் விடும்வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து தெரிந்தது. தேவாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், முன் பெஞ்சு. மதியத்துக்கு மேல் தலைவலி என்று அவள் கவிழ்ந்து படுக்கும்போதெல்லாம் எழுப்பித் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் தலைமையாசிரியர் தாள்களை வாங்கிப் புரட்டிவிட்டு மெதுவாகத்தான் பேசினார். “டீச்சர், இது வெளிநாட்டுக்குப் போறது. நம்ம கக்கூச அவுகளுக்கு எதுக்குக் காட்டணும்? லைப்ரரிக்குப் புத்தகம் வேணும்னு போடுங்க. அதுவும் உண்மதான?”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். அன்று மாலையே அத்தனை தாழ்ப்பாளையும் புத்தகமாக மாற்றினேன். எல்லாம் ஒரே மாதிரி தெரியக்கூடாது என்று வார்த்தைகளை வேறு மாற்றி மாற்றிப் போட்டேன்.

சில மாதங்கள் கழித்துத் தொகுப்பு வந்தது. வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டினேன். போலந்து நாட்டுப் பெண் ஒருத்தி, தங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவுகளைப் பூட்ட முடிவதில்லை என்று எழுதியிருந்தாள். கீழே அவளுடைய ஆசிரியை ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்: இதைப் பெற்றோர் கூட்டத்தில் படித்தோம், பூட்டு போட்டாகிவிட்டது.

தேவாரத்துப் பெண் எங்கள் பள்ளியின் பக்கத்தை எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தாள்.

“டீச்சர், நம்ம சொன்னது எங்கன இருக்கு?”

“இடம் பத்தலன்னு சுருக்கிட்டாக.”

“அந்தப் புள்ள சொன்னதச் சுருக்கலையே.”

மணி அடித்தது. ஸ்மார்ட் போர்டை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு அவள் என்னிடம் சந்தேகம் எதுவும் கேட்டதில்லை. வணக்கம் மட்டும் தவறாமல் சொல்வாள்.

மறுவருடம் அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, அதே பிள்ளைகளிடம் இன்னொரு முறை கேட்கச் சொல்லி அதே கேள்விகள் திரும்ப வந்தன. பங்கேற்றதற்கான சான்றிதழ் தலைமையாசிரியர் அறையில் சட்டம் போட்டுத் தொங்கியது. தாழ்ப்பாள் வந்திருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

தாள்களை வாங்கும்போது பார்த்தேன். அவள் தாளில் எட்டாவது கேள்விக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

“ஏன்த்தா, இத விட்டுட்ட?”

“நீங்களே எழுதிக்கிருங்க டீச்சர்.”

குரலில் கோபமில்லை. எனக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறவள் போலத்தான் சொன்னாள். வேறு இரண்டு பேர் தாளிலும் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவர்களிடம் நான் காரணம் கேட்கவில்லை.

அந்த வருடமும் நான்தான் எழுதினேன்.